சித்தப்பா டிரம்ஸ் வாசித்த பாட்டு

போன வாரம் ஏரியைச் சுற்றி நடந்துகொண்டிருந்தபோது நம் நடைக் குழுவில் ஒருவர் கேட்டார்: "எழுபதுகள்ல அமெரிக்காவுல ஒரு தமிழ்க் குழந்தையா வளர்றது எப்படி இருந்துச்சு?" நான் "குளிரா இருந்துச்சு" என்று சொல்லி, எல்லோரையும் சிரிக்கவைத்துத் தப்பித்துக்கொண்டேன். நீங்களெல்லாம் படித்து முடித்து, பெட்டியும் பயோடேட்டாவுமாக வந்து இறங்கியவர்கள். நான் முன்பல் விழுந்த வாயோடு அப்பாவின் கோட்டைப் பிடித்துக்கொண்டு வந்தவள். உண்மையில் எனக்கு எல்லாமே குழப்பமாக இருந்தது. அதிலும் ஒரு கோடைக்காலம், இந்த வயதிலும் எனக்கு முழுதாகப் பிடிபடாத ஒன்று. அதைத்தான் எழுதிப் பார்க்கிறேன்.

நாங்கள் நியூ ஜெர்சியின் பிஸ்கட்டவே ஊரில் ஒரு செங்கல் அபார்ட்மென்ட்டில் இருந்தோம். அப்பா மருந்துக் கம்பெனியில் கெமிஸ்ட். துவரம்பருப்பு வாங்க நியூயார்க் போக வேண்டிய காலம் அது. அம்மா பேசுவதற்கு ஆள் இல்லாமல், பக்கத்து வீட்டு நாயிடம் தமிழில் பேசிக்கொண்டிருந்தாள். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, அங்கே பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படிக்க வந்து எங்கள் வீட்டு சோபாவில் படுத்துக்கொண்டிருந்தார். திருச்சியில் காலேஜ் படிக்கும்போது மெல்லிசைக் குழுவில் பாங்கோஸ் வாசித்தவர். கை சும்மா இருக்காது. டைனிங் டேபிள், ஃப்ரிட்ஜ் கதவு, என் முதுகு, எதுவாக இருந்தாலும் தாளம்தான். "தம்பி, சாம்பார் தளும்புது" என்று அம்மா சொல்வாள். கை கொஞ்ச நேரம் நிற்கும். அப்புறம் மேஜைக்கு அடியில் முழங்காலில் தொடரும்.

பெட்ரோல் கிடைக்காமல் கார்கள் தெரு முனை வரை வரிசையில் நின்ற குளிர்காலம் உங்களுக்கு வாசித்துத்தான் தெரிந்திருக்கும். நான் அந்த வரிசையில் இருந்தேன். அப்பாவின் காரை எடுத்துக்கொண்டு சித்தப்பா நிற்பார், துணைக்கு நான். நியூ ஜெர்சியில் அன்றும் இன்றும் நாமே பெட்ரோல் போட்டுக்கொள்ளக் கூடாது, பங்க் ஆள்தான் போட வேண்டும். எங்கள் முறை வருவதற்குள் சித்தப்பா டாஷ்போர்டில் ஒரு பெரிய கச்சேரியே முடித்திருந்தார். பெட்ரோல் போட வந்த பையன் குழாயைக் கையில் பிடித்தபடியே குனிந்து கேட்டுக்கொண்டு நின்றான். ஒல்லி, சுருட்டை முடி. ஒரே ஒரு விரல் நகத்தில் மட்டும் நீலப் பாலிஷ் இருந்தது. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவன்தான் பாட்டுக்காரன். அவனுக்கு ஒரு மியூசிக் பேண்ட் இருந்தது. டிரம்ஸ் வாசித்தவன் வேலை கிடைத்து ஒஹாயோ போய்விட்டானாம்.

அதற்குப் பிறகு சித்தப்பா தினமும் சாயங்காலம் "லேப்ல வேலை இருக்குண்ணே" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போவார். அம்மாவுக்கும் எனக்கும் தெரியும், அந்த லேப் பாட்டுக்காரனின் வீட்டு கராஜ் என்று. சனிக்கிழமைகளில் அப்பா ஓவர்டைம் போனதும் நாங்களும் அங்கே போவோம்.

அந்த கராஜில் நான் பார்த்தது எதுவும் எனக்கு விளங்கவில்லை. ஆண்கள் பெண்களின் ப்ளவுஸ் போட்டுக்கொண்டு நின்றார்கள். கிடார் வாசிப்பவன் மீசையை எடுக்காமலேயே உதட்டுச் சாயம் பூசியிருந்தான். எல்லோரும் கட்டை போல அடி உயர்ந்த பூட்ஸ் அணிந்து, தடுமாறித் தடுமாறி நடந்தார்கள். சண்டையா, நாடகமா, யாருக்காவது கல்யாணமா? "இவங்க ஏம்மா இப்படி இருக்காங்க?" என்று கேட்டேன். அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, "நம்ம ஊர்ல கூத்துல கட்டுவாங்கல்ல, அந்த மாதிரி" என்றாள். அவள் சொன்ன விதத்தில் அவளுக்கும் தெரியவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

பாட்டுக்காரனின் அம்மாதான் எல்லோருக்கும் உடை தைத்தாள். பருமனான பெண்மணி, வாயில் எப்போதும் குண்டூசிகள். அவளுக்குத் தமிழ் தெரியாது. அம்மாவுக்கு ஆங்கிலம் அரைகுறை. ஆனாலும் இருவரும் தையல் மெஷினின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசினார்கள். அம்மா ஒருநாள் கிழிந்துபோன பட்டுப்புடவையிலிருந்து ஜரிகைக் கரையை வெட்டி எடுத்துப் போய்க் கொடுத்தாள். அந்தம்மா அதை விரலால் தடவிப் பார்த்து, அம்மாவின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். ஜரிகை கிடார்க்காரனின் காலரில் ஏறியது. அந்த நாட்களில்தான் அம்மா நாயிடம் பேசுவதை நிறுத்தினாள்.

கோடை வந்ததும் "சிங்கிள் போடப் போறோம்" என்றார் சித்தப்பா. "ஹிட் ஆகும் பாருங்க அண்ணி." எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஹிட் என்றால் அடி. யாரை யார் அடிக்கப் போகிறார்கள் என்று இரண்டு நாள் பயந்துகொண்டிருந்தேன்.

ஒலிப்பதிவு நியூ பிரன்ஸ்விக்கில், ஒரு கம்பளக் கடையின் பின்னால் இருந்த அறையில் நடந்தது. சுவர் முழுக்க விற்காத கம்பளங்கள். புது ரப்பரும் தூசியும் சேர்ந்த ஒரு நெடி. இன்றும் எந்தக் கடையிலாவது கார்ப்பெட் சுருள்களைத் தாண்டிப் போனால் எனக்கு மூக்கு அரிக்கிறது. சித்தப்பாவுக்கு அவர்கள் சொன்னபடி நேராக அடிக்க வரவில்லை. நான்காவது அடி ஒவ்வொரு முறையும் ஒரு மூச்சு தள்ளியே விழுந்தது. ஹெட்ஃபோன் மாட்டிய ஒலிப்பதிவாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். சித்தப்பா முகம் சிவந்து, "நொண்டி அடிக்குது" என்று தமிழில் தன்னையே திட்டிக்கொண்டார். பாட்டுக்காரன் துள்ளி எழுந்தான். அந்த நொண்டிதான் தனக்கு வேண்டும், அதைச் சரி பண்ணினால் பாட்டே வேண்டாம் என்று கத்தினான். "நாண்டி! நாண்டி!" என்று அன்று முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

பாட்டின் நடுவில் ஒரு பெரிய கூட்டமே கால் உதைப்பது போல ஒரு சத்தம் வேண்டும் என்றான். கூட்டத்துக்கு எங்கே போவது? தரையில் பலகை ஒன்றைப் போட்டு, அவன் அம்மா, என் அம்மா, நான், கம்பளக் கடைக்காரர், எல்லோரையும் வரிசையாக நிறுத்தினார்கள். அம்மா ரப்பர் செருப்போடு உதைத்தாள். சத்தமே வரவில்லை. பாட்டுக்காரன் தன் வெள்ளி நிற பூட்ஸைக் கழற்றி அவள் முன்னால் வைத்தான்.

"ஐயய்யோ, வேணாம்" என்றாள் அம்மா.

"போடுங்கண்ணி, யாரு பாக்கப் போறா?" என்றார் சித்தப்பா.

அம்மா போட்டுக்கொண்டாள். திடீரென்று அங்கிருந்த எல்லோரையும்விட உயரமாகிவிட்டாள். கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை என் தோளில் ஊன்றி, ஓங்கி ஓங்கி உதைத்தாள். பலகை அதிர்ந்து என் பல்லெல்லாம் ஆடியது. ஒலிப்பதிவாளர் அதையே திரும்பத் திரும்ப ஒன்றன் மேல் ஒன்றாகப் பதிந்தார். கடைசியில் கேட்டபோது ஒரு மைதானமே உதைப்பது போல இருந்தது. அம்மா நெற்றி வியர்வையில் குங்குமம் கரைந்து மூக்குவரை இறங்கியிருக்க, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பயமாகக்கூட இருந்தது.

சிங்கிள் என்பது உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய இசைத்தட்டு, நடுவில் பெரிய ஓட்டை. அந்த ஓட்டைக்கு மஞ்சள் பிளாஸ்டிக்கில் ஒரு வில்லை மாட்ட வேண்டும். சித்தப்பா ஒன்று கொண்டுவந்தார். எங்கள் வீட்டில் ரெக்கார்ட் பிளேயர் இல்லாததால் நான் அதை வாசனை பார்ப்பதும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பதுமாக இருந்தேன். பிறகு ஒருநாள் காரின் பின்கண்ணாடிக்குக் கீழே வைத்து மறந்துபோனேன். வெயிலில் அது அப்பளம் போல நெளிந்துவிட்டது. சித்தப்பா கோபித்துக்கொள்ளவில்லை. "ரேடியோல வருதே பாப்பா, இது எதுக்கு?" என்றார்.

உண்மையிலேயே வந்தது. முதலில் எப்போதாவது ஒருமுறை, பிறகு காலையிலும் மாலையிலும், பிறகு கடைகளில், பக்கத்து வீட்டு ஜன்னலில், நீச்சல் குளத்தில். ஒரு ஞாயிறு நாங்கள் பருப்பு வாங்கப் போகும்போது கார் ரேடியோவில் வந்தது. அப்பா ஸ்டியரிங்கில் விரலால் தட்ட ஆரம்பித்தார். நான்காவது அடியை அவரும் சரியாக ஒரு மூச்சு தள்ளியே தட்டினார். நான் வாயைத் திறந்தேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

"என்ன கத்தறான்னு ஒண்ணும் புரியல" என்றார் அப்பா. "ஆனா அடிக்கிறவன் கெட்டிக்காரன்."

சித்தப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்கு விஷயம் தெரிந்தது ஒரு மாலை நேரத்தில். அழைப்பு மணி அடிக்க, அப்பா போய்க் கதவைத் திறந்தார். வாசலில் ஓர் உயரமான உருவம். கண்ணிமையில் நீலம், கன்னத்தில் நட்சத்திரம், தோளில் இறகு. "யெஸ் மேடம்?" என்றார் அப்பா மிகுந்த மரியாதையோடு. பாட்டுக்காரன் தன் கட்டைக் குரலில் ஹலோ சொல்லி, அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, உங்கள் தம்பி டெலிவிஷனில் வரப் போகிறான் என்றான். போட்டோ எடுத்த இடத்திலிருந்து நேராக ஓடி வந்திருந்தான். சந்தோஷத்தில் சித்தப்பாவைத் தூக்கிச் சுற்றினான். சோபா மேலெல்லாம் இறகு உதிர்ந்தது.

அவன் போனதும் அப்பா டிவியை அணைத்தார்.

"டேய், நீ ஸ்டூடன்ட் விசால இருக்கே. வேலை பண்ணக் கூடாதுன்னு தெரியுமா தெரியாதா?"

"இது வேலை இல்லண்ணே."

"அதை இமிக்ரேஷன்காரன்கிட்ட சொல்லு. ரேடியோல யார் கைன்னு எவனுக்கும் தெரியாது. டிவில மூஞ்சி தெரியும்டா. பிடிக்காத எவனாவது ஒரு போன் பண்ணா போதும். உன்னை ஸ்பான்சர் பண்ணவன் நான். எனக்கே இன்னும் கிரீன் கார்டு வரல."

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். "அந்தப் பாட்டுக்குத்தான் நீங்க கார்ல ஸ்டியரிங்க தட்டிட்டு வந்தீங்க."

அப்பா தன் கையைப் பார்த்தார். "அது இவனா?"

"கெட்டிக்காரன்னு சொன்னீங்க."

அப்பா சோபாவில் கிடந்த இறகு ஒன்றை எடுத்துப் பார்த்தார். "மூஞ்சி முழுக்க பெயின்ட் அடிப்பானுங்களா?" என்று கேட்டார்.

"ஆமாண்ணே."

"நான் வேணாம்னு சொல்லல. யோசிச்சுக்கோன்னு சொல்றேன். அவ்ளோதான்."

அது சரியா, கூடாதா? எனக்கு விளங்கவில்லை. அப்பாவுக்கே விளங்கியிருக்காது என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு புதன்கிழமை சித்தப்பா அவர்களோடு நியூயார்க் போனார். நிகழ்ச்சியை அன்று எடுத்து சனிக்கிழமை காட்டுவார்களாம். சாயங்காலமே அவர் தனியாக ரயிலில் திரும்பி வந்துவிட்டார். காதுக்குப் பின்னால் வெள்ளித்தூள் ஒட்டியிருந்தது. "எப்படித் தம்பி இருந்துச்சு?" என்று அம்மா கேட்டாள். "நல்லா இருந்துச்சு அண்ணி" என்று ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். அன்று அவர் கை எதிலும் தட்டவில்லை.

அம்மா இந்த விஷயத்தை, எப்போதாவது வந்து போகும் தமிழ் டாக்டர் ஆண்ட்டி ஒருத்தரிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். சனிக்கிழமை எங்கள் சின்ன ஹாலில் கால் வைக்க இடமில்லை. எடிசனிலிருந்து, பிரின்ஸ்டனிலிருந்து, தெரிந்த தமிழர் எல்லோரும் புளியோதரையும் தயிர்சாதமுமாக வந்துவிட்டார்கள். சித்தப்பா யாரையும் தடுக்கவில்லை. என் பக்கத்தில் கார்ப்பெட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

பாட்டு தொடங்கியது. பாட்டுக்காரன் வந்தான், கிடார்க்காரன் ஜரிகைக் காலரோடு வந்தான். கேமரா மெல்ல டிரம்ஸ் பக்கம் திரும்பியது. அங்கே வேறு யாரோ ஒருவன் இருந்தான். முகமெல்லாம் வெள்ளி. குச்சியைப் பிடித்திருந்த விதமே வேறு. நான் சித்தப்பாவைப் பார்த்தேன், மறுபடி டிவியைப் பார்த்தேன். அம்மா உதைத்த உதை ஸ்பீக்கரில் அதிர்ந்தது. அம்மா அசையவில்லை. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா நீ? அடையாளமே தெரியலையே?" என்றார் ஓர் அங்கிள்.

"அதோ, பின்னாடி" என்றார் டாக்டர் ஆண்ட்டி. "மேக்கப் போட்டா அப்படித்தான். மூக்கைப் பாருங்க, அதே மூக்கு!"

எல்லோரும் மூக்கைப் பார்த்தார்கள். ஆமாம் ஆமாம் என்றார்கள். கை தட்டினார்கள். ஒருவர் பின் ஒருவராக வந்து சித்தப்பாவின் கையைக் குலுக்கினார்கள். அவர் எல்லோருக்கும் தேங்க்ஸ் சொன்னார். நானும் ஒருகணம் நம்பிவிட்டேன். இந்த நாட்டில் ஒரே ஆள் இரண்டு இடத்தில் இருக்க முடியும் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு வீட்டில் இரண்டு கதைகள் இருந்தன. அப்பாவின் கதை, தான் விசாவைச் சொல்லிப் பயமுறுத்தியதால் தம்பி விலகிவிட்டான் என்பது. அந்த வருத்தத்தில் அவரே கடைக்குப் போய்ச் சித்தப்பாவுக்குப் புதுக் கோட் வாங்கி வந்தார். தம்பியை டேய் போட்டுக் கூப்பிடுவதையே கொஞ்சகாலம் நிறுத்திவிட்டார். அம்மாவின் கதை வேறு. "கறுப்பா இருக்கான்னு வெளிய தள்ளிட்டானுங்க. கை மட்டும் நம்மளது வேணும், மூஞ்சி வேணாம்." சித்தப்பாவிடம் கேட்டால், "விடுங்கண்ணி" என்று மட்டும் சொல்வார். அதை அம்மா ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள்.

பாட்டுக்காரன் இரண்டு முறை வந்து மணி அடித்தான். சித்தப்பா குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். பிறகு அவன் அம்மா வந்தாள், கையில் பிஸ்கட் டப்பாவோடு. அன்றும் சித்தப்பா குளியலறைக்குள்தான். நான் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அம்மா கதவருகில் போய் நின்றாள். திறக்கவில்லை. கதவின் இந்தப் பக்கம் இவள், அந்தப் பக்கம் அவள். கடைசியில் அந்தம்மா டப்பாவைப் படியில் வைத்துவிட்டு, தலையில் கட்டிய ஸ்கார்ஃபைச் சரிசெய்துகொண்டு போனாள். "எடுக்கட்டுமாம்மா?" என்றேன். "தொடாதே" என்றாள். அது மழையில் ஊறும்வரை அங்கேயே கிடந்தது. அம்மாவுக்கு அமெரிக்காவில் அப்படி ஒரு சிநேகிதி அதற்குப் பிறகு வாய்க்கவே இல்லை.

பேண்ட் கலிபோர்னியாவுக்குப் போனது. அடுத்த பாட்டு ஓடவில்லை. அவர்கள் என்ன ஆனார்களோ. சித்தப்பா படிப்பை முடித்து டெக்ஸாஸ் போய், கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்து, கல்யாணம், பிள்ளைகள், வீடு என்று அங்கே ரவுண்ட் ராக் ஊரிலேயே தங்கிவிட்டார். அப்பா முதலில் போனார், பிறகு அம்மா. இருவரும் தத்தம் கதையை நம்பிக்கொண்டே போனார்கள்.

போன வசந்தத்தில் சித்தப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன். சித்தி முழங்கால் வலியில் இருந்ததால் நான் இங்கே ஃப்ரீமான்ட்டிலிருந்து ஒரு வாரம் போய் இருந்தேன். அவரை ஜன்னலோரம் நாற்காலியில் சாய்த்து, தாடையைப் பிடித்து முகத்தை நிமிர்த்தி, கண்ணில் சொட்டு மருந்து விடுவது என் வேலை. மூன்றாம் நாள், மருந்து விட்டு முடித்தபோது, கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்.

"இப்படித்தான் பாப்பா, அன்னிக்கு ஒருத்தி தாடையைப் பிடிச்சுக்கிட்டா."

"யாரு சித்தப்பா?"

"நியூயார்க்ல. டிவிக்கு மேக்கப் போடறவ. கண்ணைத் திறக்காதேன்னு சொல்லி என்னென்னமோ பூசினா. ரொம்ப நேரம். அப்புறம் கண்ணாடியைத் திருப்பிக் காட்டினா."

நான் மருந்துப் புட்டியை மூடாமல் நின்றேன்.

"யாரும் என்னைப் போன்னு சொல்லல. அவன் அழுதுட்டே பின்னாடி ஓடி வந்தான். டேப்தானே ஓடுது, சும்மா கையை ஆட்டினா போதும்னு சாமான் தூக்க வந்த பையனை உட்கார வெச்சாங்க போலிருக்கு. விசா பயமும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"அப்புறம் ஏன் சித்தப்பா வந்துட்டீங்க?"

அவர் சிரித்தார். மூடிய இமைக்கு அடியில் கண் அசைந்தது.

"ரொம்ப அழகா இருந்தேன் பாப்பா. என் ஜென்மத்துல நான் அவ்ளோ அழகா இருந்ததில்ல. பயந்துட்டேன்."

அப்பா வாங்கித் தந்த கோட்டை அவர் ஏன் வாங்கிக்கொண்டார், அம்மா அந்தக் கதவருகில் நின்றபோது ஏன் குளியலறையிலிருந்து வெளியே வரவில்லை, இதையெல்லாம் கேட்க வேண்டும் போலிருந்தது. கோபமா, பாவமா, சிரிப்பா, என்ன வருகிறது என்று தெரியாமல் மருந்துப் புட்டியை மூடினேன். வெயில் அவர் முகத்தில் விழுந்திருந்தது. சுருங்கிய கன்னம், நரைத்த புருவம், மருந்து வழிந்து மினுங்கிய மூக்கோரம். நான் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போதுமா? கண்ணைத் திறக்கலாமா?" என்று கேட்டார்.

"இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருங்க சித்தப்பா" என்றேன்.